மாங்காயில் உப்பு, மூளையில் உப்பு: எம்.ஆர்.ஐ. கருவியால் சோடியத்தை அளப்பது எப்படி

கிருஷ்ணகிரி மண்டியில் வாங்கிய, ஒரே அளவுள்ள இரண்டு பெங்களூரா மாங்காய்கள். ஒன்று அன்று காலை பறித்தது. இன்னொன்று பத்து நாள் உப்புத் தண்ணீரில் ஊறியது. இரண்டையும் வழக்கமான எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வைத்தால் இரண்டுமே பளிச்சென்று தெரியும். தோல், சதை, நடுவில் கொட்டை எல்லாம் இருக்கும். அந்தக் கருவி பார்ப்பது தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனை. தண்ணீர் இரண்டு காயிலும் இருக்கிறது. இப்போது கருவியைச் சோடியத்துக்கு இசைத்து மறுபடி படம் எடுத்தால், பறித்த காய் திரையிலிருந்து காணாமல் போய்விடும். பச்சை மாங்காயில் சோடியம் லிட்டருக்கு ஒரு மில்லிமோல்கூட இருக்காது. ஊறிய காய் மட்டும் தெரியும், அதுவும் உப்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறதோ அவ்வளவு ஆழத்துக்கு.

இதையே உயிரோடு இருக்கும் மனித உடம்பில் செய்வதுதான் சோடியம் எம்.ஆர்.ஐ. ஊசி போட வேண்டாம், கதிர்வீச்சு இல்லை. அளக்கும் பொருள் ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது. படம் எடுப்பது பாதி வேலைதான். அந்த இடத்தில் லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று ஓர் எண்ணைச் சொல்வதும், அந்த எண்ணை அடுத்த மாதமும் நம்பும்படி சொல்வதும் மீதிப் பாதி. கஷ்டமும் அங்கேதான்.

ரத்தத்தில் இருப்பது வேறு, திசுவில் இருப்பது வேறு

சோடியம் என்றால் நம்மில் பலருக்கு நினைவு வருவது ரத்தப் பரிசோதனைச் சீட்டு. 135 முதல் 145 வரை இருந்தால் சரி என்பார்கள். அது ரத்தத்தின் திரவப் பகுதியில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்ற கணக்கு. 58.44 கிராம் உப்பு ஒரு மோல். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிமோல். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சாதாரண சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதாவது 154 மில்லிமோல்.

உடம்பு அந்த ரத்த எண்ணைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும். திசுக்களின் கதை அப்படி இல்லை. செல்லுக்கு வெளியே உள்ள திரவத்தில் சுமார் 140 மில்லிமோல், செல்லுக்கு உள்ளே 10 முதல் 15 மட்டும். இந்த இறக்கம் தானாக நிற்பதில்லை. கிரானைட் குவாரியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். குழி ஆழமானது, சுற்றிலும் பாறை இடுக்கில் ஊற்று கசிந்துகொண்டே இருக்கும், மோட்டார் இறைத்துக்கொண்டே இருக்கும். குழி காய்ந்து கிடப்பதைப் பார்த்து அங்கே ஊற்று இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மோட்டார் ஓடுகிறது, அவ்வளவுதான். கரண்டு போனால் சில மணி நேரத்தில் அடித்தளம் முழுகிவிடும். செல்லின் சுவரில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பு அப்படிப்பட்ட மோட்டார். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அதற்கு ஏ.டி.பி. என்ற எரிபொருள் மூலக்கூறு ஒன்று செலவாகும். டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கோ 1957இல் இதைக் கண்டறிந்தார். 1997இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் நின்றால் அங்கே எரிபொருள் தீர்ந்து பம்பு ஓய்கிறது, சோடியம் மணிக்கு மணி ஏறுகிறது. மருத்துவர்களுக்கு இதில் ஆர்வம் வந்தது இதனால்தான். தூக்கத்தில் பக்கவாதம் வந்தவருக்கு எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. சோடியம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது ஒரு கடிகாரம் போல உதவுமா என்பது பல ஆண்டுகளாக ஆராயப்படும் கேள்வி.

சத்தம் ஏன் இவ்வளவு சன்னம்?

ஒவ்வொரு அணுக்கருவும் காந்தப்புலத்தில் தனக்கென்று ஓர் அலைவரிசையில் பேசும். 3 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) காந்தத்தில் ஹைட்ரஜனுக்கு 127.7 மெகா ஹெர்ட்ஸ், சோடியத்துக்கு 33.8. தருமபுரி பண்பலைக்கு முள்ளை வைத்துவிட்டு வேறு நிலையம் கேட்கவில்லையே என்றால் எப்படிக் கேட்கும்?

அலைவரிசை சிக்கல் பணத்தால் தீரும். சன்னமான சத்தம்தான் இயற்கைச் சிக்கல். கணக்குப் போட்டே பார்க்கலாம். எண்ணிக்கை சமமாக இருந்தாலும் சோடியக் கருவின் சமிக்ஞை ஹைட்ரஜனுடையதில் சுமார் 9 சதவீதம்தான். ஆனால் எண்ணிக்கை சமமே இல்லை. திசுவில் பத்தில் எட்டுப் பங்கு தண்ணீர் என்று கொண்டால் ஹைட்ரஜன் லிட்டருக்கு ஏறக்குறைய 89 மோல், அதாவது 89,000 மில்லிமோல். சோடியம் மூளைத் திசுவில் 40 என்று வைப்போம். எண்ணிக்கையில் 2,200 மடங்கு குறைவு. 9 சதவீதத்தையும் சேர்த்தால் மொத்தத்தில் 24,000 மடங்குக்குக் கிட்டே வரும்.

இதைச் சரிக்கட்ட இரண்டு வழிகள். ஒன்று, படத்தின் புள்ளியைப் பெரிதாக்குவது. ஹைட்ரஜன் படத்தில் ஒரு மில்லிமீட்டர் கட்டம் என்றால் சோடியத்தில் 3 முதல் 5 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் கட்டத்தில் 64 மடங்கு திசு அடங்கும். இரண்டு, திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி காண்பது. ஆனால் தெளிவு இரட்டிப்பாக நேரம் நாலு மடங்காகும். அதனால் சோடியம் படம் பெரும்பாலும் 10 முதல் 30 நிமிடம். படம் மங்கலாக, மெழுகில் செய்ததுபோல இருக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் கருவி கெட்டுவிட்டதோ என்று நினைப்பார்கள்.

பேசி முடிக்குமுன் மறைந்துவிடும்

இன்னொரு வில்லங்கம், அந்தச் சன்னமான சத்தமும் நிற்காது. சோடியக் கரு முழு உருண்டை இல்லை, சுரைக்காய் போலக் கொஞ்சம் நீண்டது. பக்கத்தில் உள்ள புரதங்களின் மின்புலம் அதைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருக்கும். விளைவு, திசுவில் சமிக்ஞையின் 60 சதவீதம் 0.5 முதல் 5 மில்லி விநாடிக்குள் மடிகிறது; மீதி 40 சதவீதம் 15 முதல் 30 மில்லி விநாடி வரை தாக்குப்பிடிக்கிறது. மூளைத் தண்டுவடத் திரவம் போன்ற வெறும் நீரில் இந்த உலுக்கல் இல்லை. அங்கே 50 மில்லி விநாடிக்கு மேலும் நிற்கும்.

வேகமான பகுதிக்கு 3 மில்லி விநாடி, மெதுவான பகுதிக்கு 20 என்று வைத்துப் பாருங்கள். ரேடியோ அலைத் துடிப்பு ஒன்றைக் கொடுத்து 0.3 மில்லி விநாடியில் கேட்கத் தொடங்கினால் சமிக்ஞையில் 94 சதவீதம் கையில் கிடைக்கும். வழக்கமான படமெடுக்கும் முறைகளைப்போல 5 மில்லி விநாடி காத்திருந்தால் 42 சதவீதம்தான். பாதிக்கு மேல் போய்விட்டது, போனதும் எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் போகவில்லை. திசுவில் நிறையப் போகும், திரவத்தில் கொஞ்சம் போகும். அந்தப் படத்தைக் கொண்டு அளவு சொன்னால் திசுவின் எண் எப்போதும் குறைவாகவே வரும்.

ஆகவே சோடியத்துக்கு வரிவரியாகப் படிக்கும் முறை உதவாது. நடுவிலிருந்து எல்லாத் திசைகளிலும் ஆரக்கால்களாக வெளியே படிக்கும் முறைகளைப் பயன்படுத்துகிறார்கள். துடிப்பு முடிந்த மறுகணமே நடுப்புள்ளியில் படிப்பு ஆரம்பித்துவிடும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் 120 மில்லி விநாடி, மொத்தம் 5,000 ஆரங்கள் என்றால் சரியாக 10 நிமிடம். அந்த இடைவெளியைச் சுருக்கி நேரத்தை மிச்சம் பிடிக்க எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் சமிக்ஞை பழைய பலத்துக்கு மீள நேரம் வேண்டும். 120லேயே திசு 97 சதவீதம் மீள்கிறது என்றால் திரவம் 86, 87 சதவீதம்தான் மீள்கிறது. இன்னும் சுருக்கினால் வித்தியாசம் கூடும். படம் கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து.

கருவியில் என்ன கூடுதலாக வேண்டும்

தருமபுரியிலோ ஓசூரிலோ ஒரு ஸ்கேன் சென்டரில் போய் சோடியம் ஸ்கேன் வேண்டும் என்று கேட்டால் ரத்தம் எடுக்கும் அறையைக் காட்டுவார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. வழக்கமான கருவியின் ரேடியோ பெருக்கி ஹைட்ரஜன் அலைவரிசைக்கு மட்டும் கட்டப்பட்டது. பல அலைவரிசைகளில் வேலை செய்யும் பெருக்கி தனியாக வேண்டும், அதற்கான மென்பொருள் உரிமம் வேண்டும், சோடியத்துக்கு இசைத்த காயில் (உடம்பருகே வைத்துச் சமிக்ஞையைக் கேட்கும் கம்பிச்சுருள்) வேண்டும். நல்ல காயில் இரண்டுக்கும் இசைந்ததாக இருக்கும். ஆளை அசைக்காமல் ஹைட்ரஜனில் உடற்கூறு படமும், காந்தப்புலத்தைச் சமன்படுத்தும் வேலையும் முடித்துவிட்டு, அங்கேயே சோடியத்துக்கு மாறிவிடலாம். 1.5 டெஸ்லாவில் முடியாது என்பதில்லை, 16.9 மெகா ஹெர்ட்ஸில் சமிக்ஞை இன்னும் மெலியும். ஆராய்ச்சி பெரும்பாலும் 3 டெஸ்லாவிலும் 7 டெஸ்லாவிலும் நடக்கிறது. சமிக்ஞை எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பிரித்தறிய, காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் சற்றே மாற்றும் சாய்வுக் காயில்களும் கூடுதலாக உழைக்க வேண்டும். அதே நுணுக்கத்துக்கு ஹைட்ரஜனைவிட 3.8 மடங்கு சாய்வு தேவை.

பாட்டில்கள்: எண் பிறக்கும் இடம்

திரையில் தெரிவது வெறும் வெளிச்சம். அதை மில்லிமோலாக மாற்ற, அளவு தெரிந்த உப்பு பாட்டில்களை ஆளின் பக்கத்திலேயே வைத்து ஒன்றாகப் படம் எடுக்கிறார்கள். தராசில் படிக்கல் வைப்பதுபோல. கெண்டைக்காலுக்கு 10, 20, 30, 40 மில்லிமோல் பாட்டில்கள் போதும். மூளைக்கு 150 வரை வேண்டும். மூட்டுக் குருத்தெலும்புக்கு 300 தாண்டியும்.

வெறும் உப்புத் தண்ணீரை ஊற்றி வைத்தால் வேலைக்காகாது. அதில் சோடியம் மெதுவாக மடியும், திசுவில் வேகமாக மடியும். படிக்கல்லே வேறு எடை காட்டும். அதனால் அகர் சேர்த்துக் கெட்டியாக்குகிறார்கள். ஃபலூடாவில் போடும் கடல்பாசிதான், சோதனைச்சாலைத் தரத்தில். 4 சதவீத அகரில் சோடியத்தின் நடத்தை திசுவுக்கு ஓரளவு நெருங்கி வரும்.

250 மில்லி பாட்டிலுக்கு அகர் 10 கிராம். 20 மில்லிமோலுக்கு 0.292 கிராம் உப்பு நிறுக்க வேண்டியிருக்கும். சின்னத் தராசில் அது தகராறு. ஒரு லிட்டரில் 58.44 கிராம் கரைத்து மூலக் கரைசல் செய்துகொண்டு, அதிலிருந்து 5 மில்லி எடுத்தால் அதே 20 வந்துவிடும். 10க்கு 2.5 மில்லி, 30க்கு 7.5, 40க்கு 10. உப்பு சோதனைச்சாலைத் தூய்மையில் இருக்கட்டும். கடை உப்பில் ஈரமும் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்ப்பவையும் உண்டு. அகரைக் குளிர்ந்த நீரில் தூவி, கலக்கி, பிறகு சூடேற்ற வேண்டும். 4 சதவீதம் கூழாகத் திரளும், நேரடித் தீயில் அடி பிடிக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் காய்ச்சுவது நல்லது.

கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. இதைக் கவனிக்காமல் விடுவது சாதாரணமாக நடக்கிற தப்பு. 250இல் 15 மில்லி ஆவியானால் 20 என்று சீட்டு ஒட்டிய பாட்டில் உண்மையில் 21.3. காய்ச்சும் முன் பாத்திரத்தோடு எடை போட்டு, முடிந்தபின் குறைந்த எடைக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் சரியாகிவிடும். குமிழி இல்லாமல் சுவரோரமாக மெதுவாக ஊற்றி, ஆறியதும் மூடியை இறுக்கி, பாட்டிலின் எடையைச் சீட்டிலேயே எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து எடை குறைந்திருந்தால் அது உலர்ந்துவிட்டது, கழித்துவிட வேண்டியதுதான். அகரிலேயே கொஞ்சம் சோடியம் இருக்கும். உப்பே போடாத ஒரு பாட்டிலும் கூட்டத்தில் இருந்தால் அது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, 10, 20, 30, 40 பாட்டில்கள் படத்தில் 118, 215, 312, 409 என்று வெளிச்சம் காட்டுகின்றன. மில்லிமோலுக்கு 9.7 வீதம் ஏறும் நேர்கோடு. பின்னால் நீட்டினால் பூஜ்ஜிய மில்லிமோலில் 21 வருகிறது. தசையில் வெளிச்சம் 240. 21ஐக் கழித்து 9.7ஆல் வகுத்தால் 22.6 மில்லிமோல். கழிக்காமல் வகுத்தவருக்கு 24.7 வரும். அந்த 21 எங்கிருந்து வந்தது? ஒரு பங்கு அகரின் சொந்தச் சோடியம், ஒரு பங்கு இரைச்சல். படத்தில் எதிர்மறை வெளிச்சம் கிடையாது என்பதால் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் அடிமட்டமாகத் தேங்கிவிடும். ஆகவே கோடு பூஜ்ஜியத்தை விட்டு வெகுதூரம் விலகினால் திசுவின் எண்ணைச் சொல்லும் முன் நிறுத்திக் காரணம் தேடுவது உத்தமம்.

வெப்பநிலையும் உண்டு. ஸ்கேன் அறை 22 டிகிரி, உடம்பு 37. குளிர்ந்த பொருளில் சமிக்ஞை ஏறத்தாழ 5 சதவீதம் கூடுதல், மடியும் வேகமும் மாறும். காயிலுக்கு அருகில் இருக்கும் பாட்டில் பளிச்சென்றும் தள்ளி இருப்பது மங்கியும் தெரிவது இன்னொரு தொல்லை. அதே காயிலில் அளவொத்த உப்புநீர்க் குடுவையை ஒரு தடவை படமெடுத்து வெளிச்ச வரைபடம் செய்து, அதால் எல்லாப் படங்களையும் வகுத்துவிடுவார்கள்.

ஆள் பக்கத்துத் தப்புகள்

15 நிமிடம் அசையாமல் இருப்பது பேச்சுக்கு எளிது. காலைச் சுற்றிப் பஞ்சு மெத்தை திணித்து, முழங்காலுக்கு அடியில் தாங்கு கொடுத்தால்தான் நடக்கும். தசை என்றால் இன்னொரு எச்சரிக்கை. பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மாடி ஏறி வந்தவரின் கெண்டைக்கால், ஓய்வெடுத்தவரின் கால் போல இருக்காது. உடற்பயிற்சிக்குப் பிறகு தசையின் சோடிய சமிக்ஞை ஏறும். வந்ததும் படுக்கவைத்துக் கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்து, அடுத்த தடவையும் அதே நேரம், அதே ஓய்வு என்று வைத்துக்கொண்டால் ஒப்பிடலாம். பேஸ்மேக்கர், உடம்பில் உலோகம் என்ற விதிகள் மற்ற எம்.ஆர்.ஐ. போலவே.

பெரிய கட்டம் தரும் தப்பு தனி ரகம். ஒரு கட்டத்தில் பாதி மூளைத் திசு, பாதி தண்டுவடத் திரவம் என்றால் 40க்கும் 140க்கும் நடுவே 90 என்று காட்டும். நோய் என்று பதறினால், அங்கே இருப்பது மூளை மடிப்பு. வயதானவர்களுக்கு மூளை சுருங்கி மடிப்பில் திரவம் கூடும், சோடியம் ஏறியதுபோலத் தெரியும். தோலில் இது உச்சம். தோல் ஓரிரு மில்லிமீட்டர். கட்டம் மூன்று என்றால் கொழுப்பையும் வெளிக்காற்றையும் சேர்த்துத்தான் அளக்கிறோம்.

ஒரே எண், இரண்டு நோய்

எல்லாம் சரியாக அளந்தும் எண் முழுக் கதையைச் சொல்லாது. செல்லுக்கு உள்ளே இருக்கும் சோடியமும் வெளியே இருப்பதும் ஒரே அலைவரிசையில் பேசுகின்றன. கிடைப்பது இரண்டும் கலந்த சராசரி.

திசுவில் ஐந்தில் ஒரு பங்கு செல்லுக்கு வெளியே உள்ள இடம் என்று கொள்வோம். 140இல் 20 சதவீதம் 28. உள்ளே 12, அதில் 80 சதவீதம் 9.6. மொத்தம் 37.6. இது நலமான திசு. இப்போது செல்கள் சில அழிந்து வெளியிடம் 30 சதவீதமாகிறது, மீதிச் செல்கள் நலம். 42ம் 8.4ம் சேர்ந்து 50.4. வேறொரு திசுவில் இடம் மாறவில்லை, பம்பு திணறி உள்ளே 12 இருந்தது 28 ஆகிவிட்டது. 28ம் 22.4ம் சேர்ந்து அதே 50.4. முதல் திசுவில் செல்கள் போய்விட்டன. இரண்டாவதில் செல்கள் இருக்கின்றன, மூச்சு வாங்குகின்றன. சிகிச்சைக்கு இன்னும் இடமிருக்கலாம். படத்தில் இரண்டும் ஒன்று.

பிரித்துப் பார்க்கச் சில தந்திரங்கள் உண்டு. திரவத்தின் சமிக்ஞை மெதுவாக மீள்வதைப் பயன்படுத்தி, அது பூஜ்ஜியத்தைக் கடக்கும் நொடியில் படம் எடுத்தால் திரவம் அணைந்து திசு மட்டும் மிஞ்சும். புரதத்தோடு உரசும் சோடியத்தை மட்டும் வடிகட்டும் துடிப்பு வரிசைகளும் உள்ளன. இரண்டிலும் ஏற்கெனவே மெலிந்த சமிக்ஞையில் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் சோடியத்தைத் தனியாக எடுத்துவிட்டோம் என்று எவராவது தயங்காமல் சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது. உள்ளே இருக்கும் சோடியத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்த அளவு என்று சொல்வதே சரி.

இந்தக் குழப்பம் குறைவான இடம் குருத்தெலும்பு. அங்கே செல்கள் கொஞ்சம்தான். எதிர்மின்னூட்டம் கொண்ட சர்க்கரைச் சங்கிலிகள் சோடியத்தை இழுத்துப் பிடித்து 250 முதல் 350 மில்லிமோல் வரை வைத்திருக்கும். முழங்கால் தேயத் தொடங்கினால் முதலில் அந்தச் சங்கிலிகள் போகும், சோடியம் இறங்கும். மூளையில் ஏறினால் கெடுதல், மூட்டில் இறங்கினால் கெடுதல். சிறுநீரக நோயாளிகளில் ஜெர்மனியின் எர்லாங்கன் குழு தோலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் சோடியத்தை அளந்து, டயாலிசிஸ் அதைக் குறைப்பதை 2015இல் காட்டியது.

எலும்பில் இருப்பது தெரியுமா?

உடம்பின் சோடியத்தில் கணிசமான பங்கு எலும்பின் படிகத்தில் இருக்கிறது. இந்த முறையில் அது கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. கரைந்து நகரும் சோடியம்தான் காயிலுக்குக் கேட்கும் அளவு நேரம் பேசும். கல்லில் பூட்டிய சோடியம் துடிப்பு முடியுமுன்னே அடங்கிவிடும்.

நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் இரண்டிலும் இதற்கு அடுத்த கேள்வி தவறாமல் வரும். தண்ணீரில் வந்து எலும்பில் சேரும் ஃப்ளோரைடை இப்படிப் பார்க்க முடியாதா? ஃப்ளோரினும் எம்.ஆர்.ஐ. பேசும் கருதான், 3 டெஸ்லாவில் 120 மெகா ஹெர்ட்ஸ், ஹைட்ரஜனுக்குப் பக்கத்து வீடு, சமிக்ஞையும் சோடியத்தைவிடப் பலம். ஆனால் அது எலும்புப் படிகத்துக்குள் இடம்பிடித்து உட்கார்ந்துவிடுகிறது, அங்கே மைக்ரோ விநாடிகளில் அடங்கிவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே குடித்து வளர்ந்தவரின் எலும்பிலும் ஸ்கேன் கருவிக்கு ஃப்ளோரின் தெரியாது. அதற்கு இன்றும் முன்கை எக்ஸ்ரேயும் சிறுநீர்ப் பரிசோதனையும்தான்.